சின்னவருக்கு மட்டும் தெரிந்த பதவி உயர்வு

ஒரு மருத்துவமனையின் உயிர் அதன் மருத்துவர்களிடம் இல்லை, மருந்துகளிடமும் இல்லை. அது டைரக்டரியில் இருக்கிறது. டைரக்டரி நின்றால் காலமே நின்றுவிடும்.

இந்த வரிகளை அண்ணன் சாப்பாட்டு மேசையில், கையில் தண்ணீர் டம்ளரோடு, இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

"காலம் நிக்குதோ இல்லையோ, பஸ் நிக்காது. கிளம்புங்க" என்றாள் அண்ணி.

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்தே வருபவர்களுக்கு இந்த மேசை பழக்கம். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்று கட்டடம் கொண்ட அந்தப் பெரிய மருத்துவமனையில் இந்த ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அண்ணன், கணினித் துறையின் தற்காலிகத் தலைவர். அவர் அறைக் கதவுப் பலகையில் 'தற்காலிக' என்ற சொல் மற்ற எழுத்துகளைவிடப் பொடியாக இருக்கும். அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிச் செய்யவைத்தார். அண்ணி, இரண்டாம் கட்டடத்தின் தலைமைச் செவிலியர். மாடியில் தனியாக இருக்கும் தங்கை, டைரக்டரி சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள். வயது நாற்பது. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அண்ணன் புண்ணியத்தில் அலுவலகத்திலும் பாதிப் பேருக்குப் பாப்பா.

டைரக்டரி என்றால் ஏதோ போன் புத்தகம் என்று நினைக்க வேண்டாம். இங்கே யார் யார் வேலை பார்க்கிறார்கள், யாருடைய அட்டைக்கு எந்தக் கதவு திறக்கும், யார் எந்த மருந்து அலமாரியில் கை வைக்கலாம், யாருக்கு என்ன பதவி எல்லாம் அதில்தான். கதவும் கணினியும் மேசைமேல் இருக்கும் போனும் நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்று அதற்குப் பரீட்சை. வாரியத்தின் முன்னிலையில் ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கினால் டைரக்டரி பாப்பா கையிலேயே இருக்கும். தாங்காவிட்டால் அதை ஒரு வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பாப்பாவை பிரிண்டர் பிரிவுக்கு அனுப்புவார்கள். இது போன வாரமே முடிவாகிவிட்டது. பிரிண்டர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, அவளுக்கு ஜன்னலோர மேசை வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டுப் போனார்.

"பயமா இருக்கா பாப்பா?" என்று பஸ்ஸில் அண்ணி கேட்டாள்.

"பரீட்சைக்கா? ஒரு துளியும் இல்ல. அண்ணன் பேச்சுக்குத்தான்."

---

இயந்திர அறை எப்போதும் குளிர். பாப்பா ஒரு பழைய ஸ்வெட்டரைக் கதவுக் கொக்கியிலேயே மாட்டி வைத்திருப்பாள். உள்ளே இரண்டு சர்வர்கள். முதலாவதற்குப் பெரியவர் என்று பெயர், இரண்டாவதற்குச் சின்னவர். இருவருக்கும் முன்னால் ஒரு லோடு பேலன்சர். அதற்குப் பாப்பாவின் குழு வைத்த பெயர் வாசல்காரர். கேள்வியோடு வருகிறவர்களை அவர்தான் மாற்றி மாற்றி அனுப்புவார்: நீ பெரியவரிடம் போ, அடுத்தவன் சின்னவரிடம் போ.

சில நொடிக்கு ஒருதரம் வாசல்காரர் இரண்டு கதவையும் தட்டிப் பார்ப்பார். ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். சரியான பதில் வந்தால்தான் நம்புவார். இது பாப்பாவின் ஏற்பாடு. உயிரோடு இருப்பதும் புத்தியோடு இருப்பதும் வேறு வேறு என்பது அவளுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம்.

பெரியவரும் சின்னவரும் பாதிச் சுமைக்கு மேல் தூக்கியதே இல்லை. இயந்திரம் வாங்கும்போது, "இவ்வளவு பெருசு எதுக்கு?" என்று எல்லோரும் கேட்டார்கள். "ஒருத்தர் படுத்தா இன்னொருத்தர் தூக்கணும். ரெண்டு பேருமே முக்கால் சுமையில மூச்சு வாங்கிட்டிருந்தா, ஒருத்தர் விழுந்த அடுத்த நிமிஷம் மத்தவரும் விழுவார்" என்று அடம்பிடித்து வாங்கினாள்.

அதனால்தான் அந்தத் தெம்பு. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது. அண்ணி.

"பாப்பா, வாரியம் நாளைக்குத்தானே கூடி உங்க அண்ணனை நிரந்தரமாக்கற விஷயத்தை முடிவு பண்ணுது?"

"ஆமா அண்ணி."

"இல்ல, கூடியாச்சோன்னு கேட்டேன். இப்ப ரெண்டு தடவை கூப்பிட்டாரு. முதல் தடவை, கண்ணாடியை எங்கே வெச்சேன்னு கேக்க. போன் திரையில தற்காலிகத் தலைவர்னு வந்துச்சு. ரெண்டாவது தடவை, கண்ணாடி மூக்குமேலயே இருக்குன்னு சொல்ல. அப்ப வெறும் தலைவர்னு வருது. கண்ணாடி தேடற நேரத்துல பதவி உயர்வா?"

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவரை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடச் சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

சிறிது நேரத்தில் அண்ணி மீண்டும் போனில் வந்தாள். "தற்காலிகத் தலைவர். இறக்கிட்டாங்க."

மாற்றி மாற்றி வருகிறது என்றால் ஒரே அர்த்தம்தான். பெரியவர் ஒன்று சொல்கிறார், சின்னவர் வேறொன்று சொல்கிறார். அப்படி இருக்கவே முடியாது. எந்த மாற்றத்தையும் பெரியவரிடம்தான் எழுதுவார்கள். சின்னவர் அதைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்வார். யாராவது நேராகச் சின்னவரிடம் போய் எழுதினால் அது பெரியவருக்குப் போகாது. அப்படி எழுதக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். ஆயிரக்கணக்கான பேர். எல்லாம் சரி. சின்னவரின் பிரதியில் மட்டும், ஒரே ஒருவருடைய வரியில், ஒரே ஒரு சொல் காணவில்லை. நேற்றுச் சாயங்காலம் நீக்கப்பட்டிருக்கிறது. யார் நீக்கியது என்று அவள் பார்க்கக்கூட இல்லை. அந்தச் சொல் உறுத்துகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

---

"கதவைத் தட்டிட்டு வரணும் பாப்பா. இது ஆபீஸ்" என்றார் அண்ணன். மேசைமேல் சிவப்பு ரிப்பன் சுருள் ஒன்றும் கத்தரிக்கோலும் இருந்தன. பிடுங்கப்போகும் கேபிளில் கட்டுவதற்காம்.

"நேத்து சாயங்காலம் சின்னவர்ல உன் பதவியை மாத்தினியா?"

அண்ணன் முதலில், "எந்தச் சின்னவர்?" என்றார். அப்புறம், "யார் சொன்னா?" என்றார். அப்புறம் கதவைச் சாத்தச் சொன்னார். இந்த மூன்றும் இதே வரிசையில் வந்தால் அவர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

"எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்றார்.

"எது?"

"அந்த வார்த்தை இல்லாம. கடையில புதுச்சட்டையைப் போட்டுக் கண்ணாடியில பாக்கறதில்லையா? அது மாதிரி."

"போட்டுப் பாத்தா கழட்டணும் அண்ணா."

"கழட்டறதுக்குள்ள உங்க அண்ணி சாப்பிடக் கூப்பிட்டுட்டா. தெரியும்ல, அவ ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டா."

"சரி, ஏன் சின்னவர்ல?"

"அது சும்மா நிக்கறதுதானே? பெரியவருக்கு ஏதாவது ஆனாத்தானே அதுக்கு வேலை? யார் பாக்கப் போறாங்கன்னு."

பாப்பா அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா 'சமச்சுமை, சமச்சுமை'ன்னு மேடைமேடையா முழங்கறியே. ரெண்டு பேரும் சேந்துதான் எப்பவும் வேலை பாக்கறாங்கன்னுதானே அதுக்கு அர்த்தம்? நீ என்னன்னு நினைச்சே?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ஒரு கொள்கைன்னு நினைச்சேன்."

 

"சரி விடு. இப்பவே போய் அந்த வார்த்தையைத் திரும்பப் போட்டுடு. ஒரு வார்த்தைதானே" என்றார் அண்ணன்.

"போட முடியாது. உன் சுற்றறிக்கை."

"என் சுற்றறிக்கையா?"

பாப்பா சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். அண்ணன் எழுந்து போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "பரிசோதனை நாளன்று காலை முதல் பரிசோதனை முடியும்வரை, டைரக்டரியில் ஓரெழுத்து மாறினும், பழைய சொல், புதிய சொல் இரண்டும் வாரிய உறுப்பினர் அனைவருக்கும் அக்கணமே மின்னஞ்சலாய்ச் சென்றடையும்." திரும்பினார். "எந்த மடையன் இதை எழுதினது?"

"கீழே கையெழுத்து இருக்கு."

அண்ணன் சுருங்கிப்போனார். நாளை வாரியம் கூடும்; இன்று இந்த மின்னஞ்சல் போனால் 'தற்காலிக' நிரந்தரமாகிவிடும்.

பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர்; கற்றுக்கொடுக்கும்போது விழுந்ததும் அவர்தான்.

"அழாதே. ஒரு வழி இருக்கு. இன்னிக்கு யாரைப் பிடுங்கப் போறே?"

"பெரியவரை. அழைப்பிதழ்லயே போட்டாச்சு."

"பெரியவரைப் பிடுங்கினா சின்னவர்தான் எல்லாருக்கும் பதில் சொல்லுவார். மருத்துவமனை முழுக்க நீ தலைவர். சின்னவரைப் பிடுங்கு. பெரியவர் பதில் சொல்லுவார். நீ பழையபடி தற்காலிகம். பரீட்சை முடிஞ்சதும் சின்னவரைத் துடைச்சு, பெரியவர்லேர்ந்து புதுசாப் பிரதி எடுத்துக்கறேன்."

"பரீட்சை கெட்டுப் போகாதா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். யாரைப் பிடுங்கினாலும் மத்தவர் நிப்பார்."

இதை அவள் சொன்ன விதத்தில் அண்ணனுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ரிப்பனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் பழையபடி தலைவரின் நடை வந்துவிட்டது.

---

வாரியத்தின் தலைமை நாற்காலியில் இருப்பவர் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர். எல்லோருக்கும் டாக்டரம்மா. வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். யார் பேச்சையும் கேட்டுத் திருப்தி அடைகிறவர் இல்லை.

அண்ணன் தொடங்கினார். "ஒரு மருத்துவமனையின் உயிர் அதன் மருத்துவர்களிடம் இல்லை..."

"அப்படியா?" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் அங்கேயே உரையை முடித்துக்கொண்டார்.

இயந்திர அறை மேசைமேல் ஸ்பீக்கர் போன். அந்தப் பக்கம் இரண்டாம் கட்டடத்தில் அண்ணி, மருந்து அலமாரிக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நான்கு வாரிய உறுப்பினர்கள். ஸ்வெட்டர் போட்டிருந்தது பாப்பா மட்டும்தான்.

அண்ணன் சின்னவரின் கேபிளில் இருந்த ரிப்பனைக் கத்தரித்தார். கேபிளைப் பிடுங்கினார். விளக்கு ஒன்று சிவப்பானது. வாசல்காரர் சின்னவரின் கதவைத் தட்டினார், பதில் இல்லை. இன்னொருதரம் தட்டினார். அவ்வளவுதான், வருகிறவர்களை எல்லாம் பெரியவரிடம் திருப்பிவிட்டார். பெரியவரின் சுமைக்கோடு மளமளவென்று ஏறி, முக்கால் பாகத்துக்குக் கீழேயே நின்றது.

"அண்ணி, அங்கே எப்படி?"

"எதாவது பண்ணிட்டீங்களா? கதவு திறக்குது, அலமாரி திறக்குது, கணினியும் வருது. நீங்க இன்னும் ஆரம்பிக்கலைன்னுல்ல நினைச்சேன்."

வாரிய உறுப்பினர் ஒருவர் கைதட்டினார். மற்றவர்கள் குளிருக்காகவும் தட்டினார்கள். அண்ணன் கத்தரிக்கோலை உறையில் போட்டார்.

"நல்லா இருக்கு. அதை மாட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

பாப்பா மாட்டினாள். "கொஞ்சம் பொறுங்க மேடம். வாசல்காரர் உடனே நம்ப மாட்டார். தொடர்ந்து சரியா பதில் வந்தாத்தான் திரும்பச் சேத்துப்பார்." சிவப்பு பச்சையானது.

"இப்ப இன்னொண்ணைப் பிடுங்குங்க."



"இன்னொண்ணா?" என்றார் அண்ணன். "டாக்டரம்மா, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு..."

"ஒரு சிறுநீரகம் சரியா இருந்தா மத்ததைப் பாக்காம விட்டுடுவேனா? அழைப்பிதழ்ல பெரியவர்னுதானே போட்டிருந்தீங்க? நான் அதைப் பாக்கத்தான் வந்தேன்."

அண்ணன் பாப்பாவின் ஸ்வெட்டர் கையைப் பிடித்தார். "பாப்பா, மானம் போயிடும்" என்று கிசுகிசுத்தார். "இது இன்னிக்கு முடியாதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

அவள் சொன்னால் நம்புவார்கள்தான். பெரியவர் சூடாக இருக்கிறார், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்படிச் சொன்னால் பரீட்சை பாதியில் நின்றதாக எழுதுவார்கள். பாதியில் நின்ற பரீட்சைக்கு பிரிண்டர் பிரிவில் ஜன்னலோர மேசை காத்திருக்கிறது. தவிர, சின்னவர் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். நிற்கிறவரை நிற்க மாட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உன் மானத்துக்கு நான் பேக்கப் எடுத்து வைக்கல அண்ணா" என்றாள். டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "பிடுங்கலாம் மேடம். சின்னவர் தாங்குவார். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டு பிரதியிலயும் ஒரு வரி வித்தியாசமா இருக்கு. காலையிலதான் பாத்தேன். கதவுக்கும் மருந்துக்கும் அதோட சம்பந்தமில்லை."

"பாக்கலாம்."

அண்ணனின் கை எழவில்லை. டாக்டரம்மாவே பிடுங்கினார். ரிப்பன் இல்லை, உரை இல்லை.

சிவப்பு விளக்கு. இரண்டு தட்டல். கூட்டம் முழுக்கச் சின்னவர் பக்கம் திரும்பியது. கோடு ஏறி, அதே இடத்தில் நின்றது.

"கதவு திறக்குது. அலமாரி திறக்குது. எல்லாம் சரி" என்றாள் அண்ணி.

"போன்?" என்றார் டாக்டரம்மா. அண்ணனைப் பார்த்தார். "உங்க கைபேசியிலேர்ந்து வார்டு போனுக்குக் கூப்பிடுங்க."

"எதுக்கு டாக்டரம்மா? கதவே திறக்கும்போது..."

"கூப்பிடுங்க."

அண்ணன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில், தூரத்தில் வார்டு போன் அடிப்பது கேட்டது.

"சிஸ்டர், திரையில என்ன வருதுன்னு வாசிங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணி கொஞ்சம் தயங்கினாள். இருபது வருஷ இல்லறம் அந்தத் தயக்கத்தில் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் பேரு வருது."

"பதவி?"

"தலைவர்."

"தற்காலிகத் தலைவர்?"

"இல்ல டாக்டரம்மா. அது காலையில வந்து வந்து போச்சு. இப்ப சுத்தமா இல்ல."

வாரிய உறுப்பினர்கள் கூரையில் இருந்த குளிர்காற்றுக் குழாயை ஆராய்ந்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"வாரியம் நாளைக்குத்தான் கூடுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நாளைக்குத்தான்" என்றார் அண்ணன். "எப்படி இருக்கும்னு... ஒரு பரிசோதனை முயற்சியா..."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"சரி. நாளைக்கு நாங்களும் பாக்கறோம்." டாக்டரம்மா பாப்பா பக்கம் திரும்பினார். குரலில் கொஞ்சம் இளக்கம் வந்தது. "உங்க ஏற்பாடு ரெண்டு பக்கமும் தாங்குது. மறைக்காமலும் சொன்னீங்க. இதை வெளியில யாருக்கும் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு நான் எழுதிடறேன்."

"நன்றி மேடம்" என்றாள் பாப்பா. ஸ்வெட்டருக்குள் அவள் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா கதவுவரை போனவர் நின்றார்.

"இதுல எழுத யாருக்கெல்லாம் உரிமை?"

"எனக்கு மட்டும்தான் மேடம். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

"இவருக்கு?"

"படிக்க மட்டும்."

"அப்புறம் எப்படி எழுதினார்?"

காலையிலிருந்து நடந்த ஓட்டத்தில் பாப்பா கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். அவள் மெல்ல அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனுக்கு இப்போது மறைப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னார்.

"பாப்பா பேரைப் போட்டேன். கடவுச்சொல் கேட்டுச்சு. எனக்கு எங்கே தெரியும்? நம்ம வீட்டு வைஃபையோடதைச் சும்மா அடிச்சுப் பாத்தேன்."

"அடிச்சு?"

"திறந்துடுச்சு."

டாக்டரம்மா வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து வைத்தார். கையில் இருந்த பரிசோதனை அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

மூன்று கட்டடத்தின் எல்லாக் கதவுகளையும் எல்லா மருந்து அலமாரிகளையும் ஆளும் கடவுச்சொல்லும், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பொதுவான வைஃபையின் கடவுச்சொல்லும் ஒன்றேதான்.